தாயத்தில் ஏன் வெட்டினால்தான் உள்ளே போகலாம்?

தாயம் ஆடியவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். காய் வெளிச்சுற்றை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது, இன்னும் ஒரு கட்டம் நகர்ந்தால் உள்சுற்று, ஆனால் இதுவரை எதிராளியின் ஒரு காயைக்கூட நீங்கள் வெட்டவில்லை. அப்படியென்றால் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் வீட்டு விதிப்படி, திரும்பவும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டியதுதான். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. யார் வம்புக்கும் போகாமல் ஒழுங்காக நடந்து வந்த காயை எதற்கு வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும்? பல வருடம் கழித்து, வீடியோ கேம்களை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த விதி என்ன வேலை செய்கிறது என்று எனக்குப் பிடிபட்டது.

அந்த விதியை எடுத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். பெருக்கல் குறி போட்ட மலைக் கட்டங்களில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. அதனால் கொஞ்சம் விவரமான ஆள் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தாவித் தாவிப் போவார், எதிராளியும் அதையே செய்வார், கடைசியில் இரண்டு பேர் ஒரே பலகையில் தனித்தனியாகக் கட்டை உருட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு நல்ல எண் விழுகிறதோ அவர் முதலில் காயை நடுவில் சேர்த்துப் பழம் எடுப்பார், அவ்வளவுதான். வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற ஒரே வரி இந்த நிலைமையை மாற்றிவிடுகிறது. மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும், இன்னொருவரைத் துரத்தியே ஆக வேண்டும், துரத்தும்போது நீங்களும் வெட்டுப்படுகிற இடத்தில் நிற்க வேண்டும்.

2017-ல் வந்த பப்ஜியில் இதே சிக்கலுக்கு வேறு விடை இருக்கிறது. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டால், ஜெயிக்க நினைக்கிறவருக்கு இருப்பதிலேயே பாதுகாப்பான வழி ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதுதான். எல்லோரும் அப்படிச் செய்தால் ஆட்டமே இல்லை. அதனால்தான் வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, வெளியே நின்றால் உயிர் குறைகிறது. ஒளிந்திருப்பவரை வெளியே இழுத்துவர இங்கே வட்டம், தாயத்தில் வெட்டு.

இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிய பிறகு, நம் விளையாட்டுகளில் காரணமே இல்லாதது போலத் தெரியும் விதிகளின் மேல்தான் எனக்கு ஆர்வம் அதிகமானது. என்றோ ஒரு நாள் யாருக்கோ ஆட்டம் சலித்துப் போயிருக்கும், அல்லது சண்டையில் முடிந்திருக்கும். அதற்குப் போட்ட ஒட்டுதான் அந்த விதி. போட்டவர் பேர் தெரியாது, ஆனால் ஒட்டு நின்றுவிட்டது. பழைய விளையாட்டிலிருந்து வீடியோ கேம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்கும் வந்த தொல்லை ஒன்றுதான் என்கிறேன்.

கட்டையிலிருந்தே தொடங்கலாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்றுப் பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் ஒன்று, அதாவது தாயம், விழுவது 2 விதத்தில் மட்டும். ஆகவே, காயை இறக்கத் தாயம் வேண்டும் என்றால் ஒவ்வொரு உருட்டலிலும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இதில் மனசுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் ஒரு தடவையாவது விழுந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால், எட்டு முறையும் தாயமே விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பாதித் தூரம் போன பிறகும் ஒரு பிள்ளை கண்ணில் தண்ணீரோடு கட்டையை உருட்டிக்கொண்டே இருக்குமே, அது அபூர்வமான துரதிர்ஷ்டம் கிடையாது, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் அம்மாச்சி வீட்டில் பித்தளைக் கட்டை கிடையாது. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், நாலும் கருப்பாக விழுந்தால் எட்டு. இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் இங்கே தாயத்துக்கு வாய்ப்பு நாலில் ஒன்று, பித்தளைக் கட்டையைப் போல இரண்டு மடங்கு. பேர் ஒன்று, கோடு ஒன்று, காய் ஒன்று, ஆனால் கொட்டையில் ஆடுகிற தாயம் சீக்கிரம் சூடுபிடிக்கும், கட்டையில் ஆடுகிற தாயம் காத்திருக்க வைக்கும். ஒரே ஒரு எண்ணைத் திருத்தி ஆட்டத்தின் வேகத்தையே மாற்றுவதை இன்று கேம் நிறுவனங்களில் ஒரு தனி வேலையாகச் செய்கிறார்கள். அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் அது கொட்டையா கட்டையா என்ற கேள்வியாக இருந்தது.

காத்திருப்பை என்ன செய்வது என்பதுதான் இங்கே அசல் கேள்வி. சிவிலைசேஷன் கேம்களை உருவாக்கிய சிட் மெயர் 2010-ல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் பேசியபோது சொன்ன ஒரு விஷயம் உண்டு. மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருக்கும் சண்டையில் தோற்றுவிட்டால் ஆடுகிறவர்கள் அதை ஏற்றுக்கொள்வதே இல்லையாம். நாலில் ஒரு தடவை தோற்பதுதான் கணக்கு, ஆனாலும் கேம் ஏமாற்றுகிறது என்றே நினைக்கிறார்கள். கடைசியில் மெயரின் குழுவினர் திரைக்குப் பின்னால் கணக்கை மனித மனசுக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்தார்கள். டெட்ரிஸிலும் இப்படித்தான். இன்றைய பதிப்புகளில் ஏழு வடிவங்களையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பது போல வரிசையாகத் தருகிறார்கள், பை காலியான பிறகுதான் அடுத்த பை. அதனால் நீளக் குச்சி வராமலே போய்விடும் என்ற பயம் கிடையாது. எங்கள் வீட்டில் ரொம்ப நேரம் தாயம் விழாத சின்னப் பிள்ளைக்கு, “சரி, உனக்கு எட்டு விழுந்தாலும் இறக்கிக்கோ” என்று அம்மாச்சி சொல்லிவிடுவார். வளைத்தது இரண்டு பேருமேதான், அம்மாச்சி மட்டும் எல்லோர் முன்னாலும் வெளிப்படையாக வளைத்தார்.

அதே காத்திருப்பை இன்னொரு பக்கமும் கொண்டுபோகலாம், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கென்ஷின் இம்பாக்ட் போன்ற கேம்களில் ஒரு நல்ல பாத்திரம் கிடைக்கக் குலுக்கல் போட வேண்டும், 90-ஆவது குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். வரம்பு வைத்தது நல்லதுதான். ஆனால் தாயத்தில் அடுத்த உருட்டலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. “இப்போ விழுந்துடும், இப்போ விழுந்துடும்” என்று உள்ளங்கையில் கட்டையைத் தேய்க்கும்போது வரும் அந்தப் படபடப்பைப் பாட்டிகள் பொழுதுபோகப் பயன்படுத்தினார்கள். அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது புதியவர்கள்.

சரி, பல்லாங்குழிக்கு வருவோம். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. ஒரு குழி முத்தை அள்ளி வரிசையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், முத்து தீர்ந்தால் அடுத்த குழியை அள்ள வேண்டும், அடுத்த குழி காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஆடுகிறவர் கைக்குப் போனால் ஆட்டம் லேசில் திரும்பி வராது. அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதுவரை என்ன செய்வது? அதற்குத்தான் பசு. உங்கள் பக்கக் குழி ஒன்றில் நாலு முத்து சேர்ந்த அந்த நொடியில் அது பசு, ஆடுகிறவர் யாராக இருந்தாலும் அது உங்களுக்கு. கவனிக்காமல் விட்டு இன்னொரு முத்து விழுந்துவிட்டால் ஐந்தாகிவிடும், பசு போய்விட்டது. எதிராளியின் கை ஓட ஓட உங்கள் கண் ஏழு குழியிலும் இருக்கும். அவர் வேண்டுமென்றே வேகமாகப் போடுவார், நீங்கள் “பசு!” என்று கையை நுழைப்பீர்கள்.

மாறி மாறி ஆடும் கேம்களில் எதிராளியின் முறை என்பது நீண்ட காலமாகக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் நேரமாகத்தான் இருந்தது. 1996-ல் வந்த சூப்பர் மாரியோ ஆர்பிஜியில், எதிரி அடிக்க வரும் சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் அடி குறையும் என்று வைத்தார்கள். அடி வாங்குகிற நேரத்திலும் கைக்கு ஒரு வேலை. 2025-ல் வந்த கிளேர் ஆப்ஸ்கியூர் என்ற கேம் அதே யோசனையை ஆட்டத்தின் நடுமையத்தில் வைத்திருக்கிறது. பசு செய்கிற வேலையும் இதுதான்.

ஆனால் பழையது எல்லாமே அற்புதம் என்று சொல்லமாட்டேன். பல்லாங்குழியில் ஒரு சுற்று முடிந்ததும் தோற்றவர் தன்னிடம் இருக்கும் முத்தை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனை நிரப்புவார், மீதிக் குழி ஆட்டத்தில் இல்லை. குழி குறைந்தால் அடுத்த சுற்றில் இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். ஜெயிக்கிறவர் மேலும் ஜெயிப்பார். கடைசிச் சுற்றுகளில் யார் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஆட்டம் இழுத்துக்கொண்டிருக்கும். 1992-ல் வந்த சூப்பர் மாரியோ கார்ட் என்ற பந்தய கேம் இதற்கு நேர் எதிர், பின்தங்கி ஓடுகிறவருக்குத்தான் நல்ல பொருள்கள் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் மாரியோ கட்சி.

கண்டிப்பாக உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டியது ஐந்தாங்கல். ஐந்து கல்லையும் தரையில் வீச வேண்டும், ஒரு கல்லை எடுத்து மேலே தூக்கிப் போட்டு, அது கீழே வருவதற்குள் தரையில் இருப்பதை அள்ளிக்கொண்டு வருகிற கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு கல்லாக, அடுத்து இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், அப்புறம் நாலையும் சேர்த்து. இதைக் கடினம் படிப்படியாக ஏறுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையில் கல்லை வைத்துப் பார்த்தால் அதைவிட நுணுக்கமாக ஒன்று நடப்பது தெரியும். அள்ளும்போது பக்கத்துக் கல் அலுங்கக் கூடாது, அலுங்கினால் அவுட். அதனால் ஒன்றாங்கல்லுக்கு வீசும்போது கல் நன்றாகச் சிதற வேண்டும், ஒன்றையொன்று தொடாமல். நாலாங்கல்லுக்கு வீசும்போது எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் கிடக்க வேண்டும். இரண்டாங்கல்லுக்கு இன்னும் சிக்கல், ஜோடி ஜோடியாக நெருங்கியும் இருக்க வேண்டும், ஜோடிகளுக்கு இடையில் விலகியும் இருக்க வேண்டும். ஒரே வீச்சு, ஒரே கல், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் மணிக்கட்டு வேறு ஒன்றைச் செய்ய வேண்டும். முதல் கட்டத்தில் கற்றுக்கொண்ட பழக்கமே நாலாவது கட்டத்தில் உங்களைக் கவிழ்த்துவிடும்.

புதிதாக ஒரு பொருளும் சேர்க்காமல், இருப்பதை வைத்தே புதுச் சவால் உண்டாக்குவது இதுதான். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸைப் பாராட்டுகிறவர்கள் இதைத்தான் பாராட்டுகிறார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ஓட்டமும் தாவலும்தான். முதலில் கீழே தரை இருக்கும் இடத்தில் தாவப் பழக்கிவிட்டு, அதே தாவலைப் பிறகு பள்ளத்துக்கு மேலே கேட்கிறார்கள். ஐந்தாங்கல்லில் கூடுதலாக ஒன்று, பள்ளம் எங்கே இருக்க வேண்டும் என்பதை உங்கள் கையே முடிவு செய்கிறது. மோசமாக வீசினால் அந்தக் கட்டத்தைக் கடினமாக்கியது நீங்கள்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆடு புலி ஆட்டத்தில் 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பழைய கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், எல்லாம் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே நகரும், ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆரம்பத்தில் புலிக்குத்தான் எல்லாம். ஆனால் ஒரு ஆடும் சாகாமல் 15-ம் இறங்கிவிட்டால் பலகையில் மீதி இருப்பது 5 காலிப் புள்ளிகள். குதிக்க இடமில்லாமல் புலிக்கு மூச்சு முட்டும். பலம் சமமாக இல்லாத இரண்டு பக்கத்தை எப்படிச் சமன் செய்வது என்ற கேள்விக்கு இது ரொம்ப அழகான பதில் என்று நினைக்கிறேன், பலம் காலத்தோடு கை மாறுகிறது. 2016-ல் வந்த டெட் பை டேலைட் என்ற கேமில் ஒரு கொலைகாரனும் நாலு பேரும். அதன் வடிவமைப்பாளர்கள் இன்றுவரை யாருக்குப் பலத்தைக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று திருத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் எளிய வழி வைத்திருந்தோம், ஒரு ஆட்டம் முடிந்ததும் நீ புலி, நான் ஆடு. கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமிலும் பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் பக்கம் மாறுகின்றன.

கபடியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடிப் போகிறவரின் மூச்சுதான் கடிகாரம், அது எல்லோர் காதிலும் கேட்கிறது. “கபடி கபடி” தேயத் தேய, பிடிக்கிறவர்கள் எப்போது பாய வேண்டும் என்பதைக் காதாலேயே முடிவு செய்கிறார்கள். திரையின் மூலையில் பச்சைக் கோடாகக் குறையும் சக்தி அளவு இதைத்தான் செய்யப் பார்க்கிறது, அதைப் பார்க்க மட்டும் கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்தது அணி பிரிப்பது. உத்தி பிரித்தல் என்று எங்கள் பக்கம் சொல்வோம். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து தள்ளிப்போய், காதோடு காதாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு தோளில் கை போட்டபடி வருவார்கள். “ரோசா வேணுமா, மல்லி வேணுமா?” ஒரு தலைவர் “மல்லி” என்பார், மல்லி அந்தப் பக்கம், ரோசா இந்தப் பக்கம். இதில் ஒரு எழுதாத விதி, ஜோடி சேருகிறவர்கள் ஏறக்குறைய சம பலமுள்ளவர்களாக இருக்க வேண்டும். பெரியவன் பெரியவனோடு, வேகமாக ஓடுகிறவள் வேகமாக ஓடுகிறவளோடு. யார் யாருக்குச் சமம் என்று பிள்ளைகளே எடை போட்டுக்கொள்வார்கள், யார் எந்தப் பக்கம் என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்யும். அணி சமமாகிவிட்டது, தலைவர் தன் நண்பனை மட்டும் பொறுக்கவும் முடியாது, கடைசி வரை யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை தனியாக நிற்கவும் வேண்டாம்.

ஆன்லைன் கேம்களில் இந்த வேலைக்குப் பெரிய கணிதம் இருக்கிறது. செஸ் வீரர்களின் பலத்தை எண்ணாகச் சொல்லும் ஈலோ மதிப்பீட்டை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது, அதன் வழியில் மைக்ரோசாப்ட் தன் ஆன்லைன் கேம் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக ட்ரூஸ்கில் என்ற முறையை உருவாக்கியது. முன்பின் தெரியாத லட்சக்கணக்கானவர்களை இணைக்க அது தேவைதான். உத்திக்குத் தெருவில் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எடை போடலில் எந்த ஜோடியிலும் அடங்காத ஒரு தம்பியோ தங்கையோ மிச்சம் இருக்கும். வயது நாலோ ஐந்தோ. அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், பிடிக்கலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது. மற்றவர்களின் ஆட்டம் ஒரு துளியும் கெடாது, அந்தப் பிள்ளைக்கும் தானும் ஆடினோம் என்ற நிறைவு முழுதாக இருக்கும். 2007-ல் வந்த சூப்பர் மாரியோ கேலக்ஸியில் இரண்டாவது ஆள் ஒரு கன்ட்ரோலரை எடுத்துத் திரையில் குறிபார்த்து நட்சத்திரத் துண்டுகளைச் சேர்க்கலாம், எதிரிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம். அவருக்கு உருவமே கிடையாது, அதனால் சாகவும் முடியாது. அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் சொல் இதுதான், ஒப்புக்குச் சப்பாணி. 2018-ல் வந்த செலஸ்ட் என்ற கடினமான கேமில் உதவி முறை என்று ஒன்றை வைத்து வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் அனுமதித்தார்கள். கடினமான கேமை எளிதாக்கலாமா என்று கேம் ஆடுகிறவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தெருவில் அந்தச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை, தங்கையைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அக்காவும் ஆட வரமாட்டாள்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், விதி ஆடுகிறவர்களின் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் வீடியோ கேம் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசியும், 1972-ல், கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. அந்தக் கருவியால் சில புள்ளிகளையும் ஒரு கோட்டையும் காட்டத்தான் முடியும், ஸ்கோர்கூட வைத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டிக்குள் பகடையும் சீட்டும் விளையாட்டுப் பணமும், டிவி திரைமேல் ஒட்டும் படத்தாள்களும் வைத்து விற்றார்கள். விதியைக் காப்பாற்றும் வேலை சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுடையது. அதன் பிறகு கம்ப்யூட்டர் அந்த வேலையை முழுக்க எடுத்துக்கொண்டது, அதனால் கள்ளாட்டம் குறைந்தது, பேரமும் நின்றுபோனது. அப்படியும் ஆடுகிறவர்கள் விடவில்லை. கவுன்டர் ஸ்டிரைக் 1999-ல் ஹாஃப் லைஃப் என்ற கேமை எடுத்து இரண்டு ரசிகர்கள் மாற்றியமைத்தது, டோட்டா என்ற கேமும் வார்கிராஃப்ட் 3 என்ற கேமின் மேல் ரசிகர்கள் செய்த ஒரு வரைபடமாகத்தான் தொடங்கியது. “எங்க ஊர்ல இப்படி ஆடமாட்டோம்” என்ற குரல்தான் அதுவும்.

அந்தக் குரலை நான் கடைசியாக நேரில் கேட்டது ஒரு கல்யாண வீட்டில். முதல்நாள் ராத்திரி பந்தலில் தரையில் சாக்பீஸால் தாயம் வரைந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்றார்கள், எங்கள் பிள்ளைகள் தாயம் மட்டும்தான் என்றார்கள். கால் மணி நேரம் சத்தம். பிறகு ஒரு பெண், பத்து வயது இருக்கும், எழுந்து நின்று சொன்னாள்: “முதல் காய்க்கு அஞ்சுக்கும் இறக்கலாம், மத்த காய்க்கெல்லாம் தாயம்தான். வெட்டாம உள்ள போக முடியாது, அது ரெண்டு ஊருக்கும்.” எல்லோரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள், கட்டை உருள ஆரம்பித்தது.